இரண்டு காற்றில் ஓடிய கப்பல்

அத்தியாயம் 6

ஃப்ளோரன்ஸ் எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தபோது என் கணவர் ஸ்டானிஸ்லாஸ் பாதி முகம் சவரம் செய்திருந்தார். நல்ல வழக்குகள் எல்லாம் அவருக்கு அந்த நிலையில்தான் வந்து சேர்ந்தன. எங்கள் ராயபுரத்து வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவரை ஒரு பக்க நுரையோடுதான் பார்த்திருக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் பொய் சொல்ல மனம் வராது என்பது அவர் கட்சி.

அது 1970, ஆகஸ்டு மாதம். அவர் ரயில்வேயில் பார்சல் நஷ்டஈட்டுப் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்து, வாசலில் 'காணாமற்போன சரக்குகள் விசாரிக்கப்படும்' என்று பலகை மாட்டியிருந்தார். தொலைந்த மூட்டைகளோடு பேசிப் பழகியவர். மனிதர்களோடு பேசுவதற்கு என்னை வைத்துக்கொண்டார்.

ஃப்ளோரன்ஸை எனக்குக் கோயில் பாடகர் குழுவில் பழக்கம். தண்டையார்பேட்டையில் கடலோரச் சரக்குக் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது, அதில் குமாஸ்தா. மூச்சு வாங்கியபடி அவள் சொன்னதை நான் வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

போன வாரம் எண்ணூர்ப் பக்கம் ஒரு விசைப்படகில் இரண்டு பெட்டி வெளிநாட்டுக் கைக்கடிகாரம் பிடிபட்டது. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் கிடங்கில் ஏழாம் நம்பர் அறையில் அதை வைத்தார்கள். ஃப்ளோரன்ஸ் உள்ளே தனியாகக் கால்மணி நேரம் உட்கார்ந்து பெட்டிகளில் பட்டியல் ஒட்டினாள். பிறகு இன்ஸ்பெக்டர் அருள்பிரகாசம் பூட்டுப் போட்டார். பூட்டைத் துணியால் சுற்றித் தைத்து, தையல் மேல் நான்கு இடத்தில் அரக்கு உருக்கி ஊற்றி, அலுவலக முத்திரையை ஃப்ளோரன்ஸ் அழுத்தினாள். திங்கட்கிழமை எல்லோரும் கூடி நின்று பார்த்தபோது நான்கு முத்திரையும் முழுசாக இருந்தன. துணியைக் கத்தரித்துக் கதவைத் திறந்தால் பெட்டிகள் இல்லை.

"முத்திரை உடையலை, அதனால திருட்டு முத்திரைக்கு முன்னாடியே நடந்திருக்கு, முன்னாடி உள்ள இருந்தது நீதான்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. பின் ஜன்னல் கம்பி வழியா நான் யாருக்கோ எடுத்துக் குடுத்துட்டேனாம்."

"கணக்கு ரொம்ப நேரா இருக்கே," என்றார் ஸ்டானிஸ்லாஸ், கத்தியைத் துடைத்துக்கொண்டு. நேராக இருக்கும் கணக்கு எதுவும் அவருக்குப் பிடிக்காது.

பெரிய அதிகாரி எண்ணூரிலிருந்து நாலு மணிக்கு வருவதாகவும், வந்ததும் அவளைப் போலீஸில் ஒப்படைக்கப் போவதாகவும் சொன்னாள். அதுவரை அழாமல் இருந்தவள் அடுத்ததைச் சொல்லும்போதுதான் முந்தானையை எடுத்தாள்.

"வேலை போனாப் போவட்டும் அக்கா. எங்கப்பா ஹார்பர்ல முப்பது வருஷம் மூட்டை தூக்கினவரு. ஒரு ஊசி எடுத்தது கெடையாது. இப்ப படுத்த படுக்கையா கெடக்கிறாரு. இது அவரு காதுல வுழக்கூடாது."

ஸ்டானிஸ்லாஸ் மற்றக் கன்னத்தையும் அவசரமாகச் சிரைத்து, இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு கிளம்பினார். தன் ரத்தத்தைச் சிந்தி விசாரணையைத் தொடங்கிய ஒரே துப்பறிகிறவர் அவராகத்தான் இருப்பார் என்று நான் சொன்னேன். ஃப்ளோரன்ஸ் லேசாகச் சிரித்தாள். அதற்குத்தான் சொன்னேன்.

அலுவலகம் ஒரு பழைய கிடங்கின் முன்பாதி. எங்கு பார்த்தாலும் அரக்கு: மேஜையில், நாற்காலியில், பியூனின் சட்டைப் பையில், சுவர்க் கடிகாரத்தில்கூட. அருள்பிரகாசம் எங்களை வாசலிலேயே நிறுத்திப் பெயர், விலாசம், வந்த காரியம் எல்லாம் எழுதிக்கொண்டார். முப்பது வயது, வெள்ளை டெரிலீன் சட்டை, வாரிய தலை. பரீட்சை எழுதும் பிள்ளைகள் வைத்திருக்கும் கிளிப் வைத்த அட்டை ஒன்றை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து எழுதினார். அதன் முதுகு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலும் எட்டணா அளவில் ஒரு சிவப்பு அரக்குப் பொட்டு. அட்டைக்குக்கூடப் பொட்டு வைத்திருக்கிறார்களே, எனக்கு ஒரு காப்பி கொடுக்க ஆளில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காணிப்பாளர் தேவப்பிரியம் வேறு மாதிரி மனிதர். திருநெல்வேலிப் பக்கம். பருத்த உடம்பு, பொடி டப்பா, எதையும் விளக்கிச் சொல்லும் ஆசை. அவர் நாற்காலிக்கு மேலே அலுவலக முத்திரையைப் பெரிசாக வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நடுவில் பாய் விரித்த கப்பல், உச்சியில் கொடி, கீழே நங்கூரம், ஓரத்தில் கலங்கரை விளக்கம், சுற்றிலும் கயிற்று வளையம். அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் விளக்கம். எழுதியவர் அவரேதான்.

"வெறும் படம்னு நெனச்சிராதிய. ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் உண்டு, கேட்டியளா," என்று எழுந்தே நின்றுவிட்டார். விரிந்த பாய் முன்னேற்றம். நங்கூரம் உறுதி. கலங்கரை விளக்கம் விழிப்பு. கயிறு கட்டுப்பாடு. பின்னோக்கிப் பறக்கும் கொடி, முன்னோரை மறவாமை. கடைசி வரியைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொல்லிப் பாய், நிற்கச் சொல்லி நங்கூரம், இரண்டையும் ஒரே வட்டத்தில் போட்ட அலுவலகம் உண்மையான அலுவலகம்தான் என்று நினைத்துக்கொண்டே கொடியைப் பார்த்தேன். நான் காசிமேட்டில் பிறந்தவள். என் அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது. அந்தக் கொடியைப் பார்த்து எங்கள் தெருக் குழந்தைகூடச் சிரிக்கும்.

"இன்னா சார் இது. பாயி முன்னால பொடச்சிகினு கீது, கொடி பின்னால பறக்குது. பாய்க்கு ஒரு காத்து, கொடிக்கு ஒரு காத்தா? பின்னாலேர்ந்து காத்து அடிச்சாத்தான் பாயி முன்னால பொடைக்கும். அப்போ கொடியும் முன்னாலதான பறக்கணும்?"

தேவப்பிரியம் என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய முன்னோர் அத்தனை பேரும் தெரிந்தார்கள். முத்திரை அரசாங்கம் ஒப்புக்கொண்டது என்றும், காற்று அரசாங்கத்தைக் கேட்டு அடிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை பொடி போட்டார்.

ஸ்டானிஸ்லாஸ் சிரிக்கவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்வதையெல்லாம் அவர் சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கத்தரித்த துணியைக் காட்ட முடியுமா என்று கேட்டார். தேவப்பிரியம் இரும்புப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பித்தளை முத்திரையும் அதே பெட்டியில்தான் இருந்தது. அதை அவர் ஒருவர்தான் திறப்பார். துணியில் நான்கு அரக்கு வட்டங்களும் பிசிறில்லாமல் இருந்தன. ஸ்டானிஸ்லாஸ் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், அதே வெள்ளிக்கிழமை முத்திரை வைத்த எட்டாம் நம்பர் அறைப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார். கிடங்குச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ஒன்று அருள்பிரகாசத்திடம், மாற்றுச் சாவி தேவப்பிரியத்திடம். கடைசியாக, இந்த முத்திரையை வெட்டியது எங்கே என்றார்.

"அம்பத்திரண்டுல யானைக்கவுனில வெட்டுனது. ஏன் கேக்கிய?"

"அழகா இருக்கு. அதான்."

வாசலுக்கு வந்ததும் என் காதருகே குனிந்தார்.

"எட்டாம் நம்பர்ல கொடி பின்னால பறக்குது. ஏழாம் நம்பர்ல முன்னால பறக்குது."

"அப்ப ஏழாம் நம்பருதான் சரி."

"சரியா இருக்கு. அதனாலதான் அது பொய்."

எனக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. யாரோ வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஏழாம் அறையின் முத்திரையை உடைத்து, பெட்டிகளை எடுத்து, புதுத் துணி சுற்றி, கள்ள முத்திரை குத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஃப்ளோரன்ஸின் கால்மணி நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சாவி வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் யாரிடம் சொன்னாலும் பாதி வாய்ப்புத் திருடனிடம் சொன்னதாக ஆகும். அதனால் சொல்லாமல் வந்துவிட்டோம்.

"கள்ள முத்திரை வெட்டறவன் பாத்து அப்படியே வெட்டுவான். திருத்தி வெட்ட மாட்டான்," என்றார் பஸ்ஸுக்கு நிற்கும்போது. "இவன் திருத்தியிருக்கான். கையால தப்பான படகை வெட்ட முடியாதவன். அப்படி யாராவது யானைக்கவுனியில இருக்கானா?"

இருந்தார். எங்கள் குப்பத்திலிருந்து போய் முத்திரை வெட்டும் தொழில் கற்றவர் ஒருவர்தான். இன்னாசி. நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன்.

யானைக்கவுனியில் ஒரு இரும்பு வியாபாரியின் மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தார். மற்றக் கண் சும்மா திறந்திருந்தது. நான்கு அங்குலத்துக்கு அப்பால் அவருக்கு உலகமே புகை என்று பிறகு தெரிந்தது. நான் கைப்பையைப் பலகையில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

"வாத்துக்கு வந்தவங்களா?" என்றார்.

கேள்வி எதுவானாலும் முதலில் ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவது ஸ்டானிஸ்லாஸின் வழக்கம். உட்கார்ந்தார். இன்னாசி விளக்கை ஏற்றி அரக்கை அதில் காட்டி உருக்கிக்கொண்டே பேசினார். ஏதோ குடைக் கம்பெனிக்கு வாத்துச் சின்னம் வெட்டியிருக்கிறாராம், இறகு எட்டு நாள் வேலையாம். நான் சுவரில் தொங்கிய அச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசு, நட்சத்திரம், ஒரு மாதாவின் கிரீடம். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டானிஸ்லாஸ் நாங்கள் வாத்துக்காரர்கள் இல்லை, கப்பல் விஷயமாக வந்தவர்கள் என்றார்.

"அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா நைனா?" என்று இன்னாசி பதறினார். பலகையைக் கையால் ஒருமுறை தடவினார். என்னவோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார்.

கப்பல் என்றதும் அவர் முகம் மாறியது. அம்பத்திரண்டில் அந்த முத்திரையை வெட்டியவரும் அவரேதான். படம் தப்பு என்று அன்றைக்கே சொன்னாராம். படத்தில் உள்ளபடி வெட்டு, உன் அபிப்பிராயம் வேண்டாம் என்று கோட்டு போட்ட ஒருவர் சொன்னாராம்.

"வெட்டினேன். எங்க குப்பத்துல ஒருத்தன் அத்த பாத்துட்டான். அவ்ளோதான் நைனா. இன்னாசி கப்பல் வுட்டா ரெண்டு காத்து அடிக்கும்னு கல்யாணத்துல, சாவுல, எங்க போனாலும் அதே பேச்சு. எம்மச்சான் சாவற அன்னிக்கும் என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுத்தான் செத்தான். பதினெட்டு வருஷம். போன மாசம் அதே ஆபீசுலேர்ந்து ஒருத்தரு வந்தாரு. பழசு தேஞ்சிபோச்சி, புதுசு வேணும்னாரு. கொடியைத் திருப்பி வெட்டறேன் சார்னு கேட்டேன். கொடி எந்தப் பக்கம் பறந்தா என்னய்யா, யார் பார்க்கப் போறா, சீக்கிரம் முடின்னாரு. எனக்கு ஒடம்பே லேசாயிடிச்சி."

முகம் எப்படி இருந்தது என்று கேட்டோம். முகமெல்லாம் அவருக்கு மேகம். குரல்? மாடிப்படியில் நாள் முழுக்க இரும்புக் கம்பி இறங்கும் கடையில் குரலை யார் கேட்டார்கள். ஆனால் சர்க்கார் முத்திரைக்குக் கடிதம் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லி, தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அலுவலகத் தாள். தட்டச்சு. கீழே கையெழுத்து: தேவப்பிரியம்.

நான் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தேன். அவர் காகிதத்தைப் பார்க்காமல் இன்னாசியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டி முடிச்சதும் மொதல்ல எதுல குத்திப் பாப்பீங்க?"

"வாங்கறவங்க சாமான்லதான். மொத முத்திரை வாங்கறவங்களோட போவணும். எங்க வாத்தியாரு சொல்லிக் குடுத்தது. கடையிலே தங்கினா எனக்கு அடுத்த வேலை வராது. பொட்டி, குடை, சாப்பாட்டு அடுக்கு, எதுனா பலகைல வெப்பாங்க இல்ல, அதுங்க அடியில ஒண்ணு போட்டுடுவேன்."

"கேட்டுட்டா?"

"கேட்டா வேணாம்பாங்க. அதான் கேக்கறதில்ல."

அந்த அலுவலக ஆள் என்ன சாமான் வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை. தினம் எத்தனையோ பேர், எத்தனையோ சாமான். கைக்கு வழவழப்பாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் ஏறியதும் நான் வழக்கை முடித்துவிட்டேன். கையெழுத்து தேவப்பிரியத்துடையது. முத்திரை இருக்கும் இரும்புப் பெட்டியும் அவருடையது. வழவழப்பான சாமான் அவரது பொடி டப்பா. அடியைத் திருப்பினால் கப்பல் இருக்கும்.

"இருக்காது," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"கையெழுத்து?"

"அலுவலகத்துல எல்லாரும் பாக்கற கையெழுத்து. யார் வேணா போடலாம். ஹில்டா, அந்த மனுஷன் கொடிக்கு அர்த்தம் சொல்லும்போது அவர் கண்ணைப் பாத்தியா? முன்னோரை மறவாமைன்னு கண்ணாடி போட்டு மாட்டின ஆளுகிட்டப் போய் கொடியைத் திருப்பறேன்னு சொன்னா ஒத்துப்பாரா? சண்டை போட்டு எழுந்து போயிருப்பார். அதோட, இரும்புப் பெட்டி சாவி அவர் கையில இருக்கு. நெசப் பித்தளையே இருக்கும்போது அவருக்குக் கள்ளப் பித்தளை எதுக்கு?"

"அப்ப யாரு?"

"யார் பார்க்கப் போறான்னு கேட்டவன். அவன் அந்த முத்திரையை ஒரு நாளும் பாத்ததே இல்ல."

பேச்சு நன்றாக இருந்தது. பேச்சை வைத்து யாரையும் விடுவிக்க முடியாது. எனக்கு இன்னும் டப்பா மேல்தான் கண். டப்பாவின் அடி வெறுமையாக இருந்தால் அலுவலகத்திலிருந்து வீடு போய்ச் சேரும் வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று பந்தயம் கட்டினேன். எங்களுக்குக் கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவர் அவ்வளவு ஆசையோடு எந்தப் பந்தயத்துக்கும் கை கொடுத்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு அடிக்கப் பத்து நிமிஷம். பெரிய அதிகாரி வந்துவிட்டார். சவுக்குக் கட்டை மாதிரி மெலிந்த, நேரான மனிதர். பக்கத்தில் ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். ஃப்ளோரன்ஸ் சுவரோரம் நின்றிருந்தாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

நான் நேராகத் தேவப்பிரியத்தின் மேஜைக்குப் போய், தலை பாரமாக இருக்கிறது, ஒரு சிட்டிகை கிடைக்குமா என்றேன். பெண்பிள்ளை பொடி கேட்டு அவர் பார்த்ததில்லை. மறுக்கவும் தெரியவில்லை. டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, தடுமாறியது போல் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தேன். பளபளவென்று வெறும் தகரம். பொடி என் முகத்தில் கொட்டியது. ஒன்பது தும்மல். எட்டாவது தும்மலில் கண்ணைத் திறந்தபோது ஸ்டானிஸ்லாஸ் மெதுவாக உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார். பந்தயம் தோற்றுவிட்டேன். ஆனால் வாய் மூடுவது அலுவலகத்தை விட்டுக் கிளம்பின பிறகுதான் என்று நானும் விரலாலேயே வாசலைக் காட்டினேன்.

ஸ்டானிஸ்லாஸ் பெரிய அதிகாரியிடம் ஏழாம் அறைத் துணியையும், எட்டாம் அறையிலிருந்து கத்தரித்துவரச் செய்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொடிகளைக் காட்டி, இன்னாசியிடம் வாங்கி வந்த கடிதத்தை நீட்டினார். அவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் தேவப்பிரியத்தைத்தான் பார்த்தார்கள். தேவப்பிரியம் கள்ள முத்திரையைக் கையில் வாங்கினார். கடிதத்தில் தன் கையெழுத்து இருப்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"கொடியத் திருப்பிட்டானுவளே," என்றார் மெல்ல. "எவம்ல திருப்புனது?"

அப்படி ஒரு வேதனையை யாராலும் நடிக்க முடியாது. அந்த இடத்திலேயே நான் அவரை மனசுக்குள் விடுதலை செய்துவிட்டேன். ஆனால் பெரிய அதிகாரிக்கு மனசு போதாது, காகிதம் வேண்டும். அவர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அருள்பிரகாசம் தொண்டையைச் செருமினார். கண்காணிப்பாளர் மேல் விசாரணை தனியாக நடக்கட்டும், அவருக்கு உள்ளே உதவியது இந்தப் பெண்தான், இவள் வாக்குமூலத்தை இப்போதே வாங்கிவிடலாம் என்றார். ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். ஃப்ளோரன்ஸின் கையில் பேனாவைக் கொடுத்தார். அட்டையை நெஞ்சோடு நிமிர்த்தி ஒருமுறை வாசித்துக் காட்டினார். "நான் மேற்படி மாலையில் தனியாக இருந்தபோது" என்று தொடங்கியது.

அவர் வாசித்ததை நான் கேட்கவில்லை. அட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் பார்த்து, காப்பி இல்லையே என்று வருத்தப்பட்ட அதே சிவப்புப் பொட்டு. கண்ணில் பொடி எரிந்ததால் நன்றாகப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அது துளி இல்லை. ஓரம் வட்டமாக, கயிறு முறுக்கினாற்போல் இருந்தது.

"ஃப்ளோரன்ஸு, கையெழுத்துப் போடாத. சார், அந்த அட்டையைக் கொஞ்சம் திருப்பி நீங்களே பாருங்க."

அருள்பிரகாசம் திருப்பவில்லை. அட்டை திரும்பாமலே அவருடைய பெருவிரல் மட்டும் பின்பக்கம் போய்த் துழாவியது. பொட்டு தட்டுப்பட்டதும் நகத்தால் சுரண்டத் தொடங்கியது. போலீஸ்காரர் முதலில் பார்த்தது அந்த விரலைத்தான். அட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அட்டை பெரிய அதிகாரியிடம் போனது. கயிற்று வளையத்தில் ஒரு நகம் அளவு போயிருந்தது. கப்பல் முழுசாக இருந்தது.

"இந்த ஆபீஸில் எல்லாவற்றிலும் அரக்கு சிந்தியிருக்கிறது," என்றார் அருள்பிரகாசம். அப்போதும் குரல் பதறவில்லை. "என் நாற்காலியில்கூட இருக்கிறது."

"ஆமாம் சார்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "ஆனா இந்த ஆபீஸ் அரக்குன்னா இந்த ஆபீஸ் காத்துதானே அடிக்கணும்? இதுல வெளிக் காத்து அடிக்குது."

பெரிய அதிகாரி அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். பாயும் கொடியும் ஒரே பக்கம், காற்றோடு போய்க்கொண்டிருந்தன. அருள்பிரகாசம் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி கடிகாரம் அப்படியே இருந்ததாக அன்று சாயங்காலமே தெரிந்தது. இன்னொன்று கைமாறிவிட்டது, அதைத் தேடிப் போன கதை வேறு.

ஃப்ளோரன்ஸ் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். பெரிய அதிகாரி தாமே ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார். அவள் உட்காரவில்லை. தன் மேஜைக்குப் போய் அரக்கு உருக்கும் விளக்கை ஏற்றினாள்.

"ஏழாம் நம்பரு தெறந்தே கெடக்குது சார். மறுபடி சீல் வெக்கணுமில்ல," என்றாள்.

தேவப்பிரியம் பித்தளை முத்திரையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு எங்களோடு வாசல் வரை வந்தார். மெல்லிய குரலில் என்னிடம் கேட்டார், உண்மையிலேயே கொடி அப்படிப் பறக்காதா என்று. பறக்காது சார் என்றேன். முகம் வாடிவிட்டது. அப்படியானால் மேலிடத்துக்கு எழுதித் திருத்திவிடலாமா என்றார்.

"திருத்திடாதீங்க," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "அந்தத் தப்பை நீங்க ஒருத்தர்தான் மனசார நம்பறீங்க. வேற எவன் வெட்டினாலும் சரியா வெட்டிடுவான். அதைவிட நல்ல பூட்டு உங்களுக்குக் கிடைக்காது."

அவர் நிமிர்ந்து நின்றார். அன்று சாயங்காலம் அவர் சட்டத்தைத் துடைத்து மறுபடி மாட்டினார் என்று ஃப்ளோரன்ஸ் பிறகு சொன்னாள். அவள் அப்பா காதுக்கு எதுவும் போகவில்லை. முந்தின நாள் ஏன் சாப்பிடவில்லை என்று மட்டும் கேட்டாராம். பல்வலி என்றாளாம்.

வீட்டுக்குப் பஸ் ஏறினோம். பந்தயப்படி நான் வாயை மூடிக்கொண்டேன். ஸ்டானிஸ்லாஸ் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பத்தொன்பது வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினார். என் மீன்குழம்பில் புளி அதிகம் என்றார். என் அண்ணன் கடன் கேட்கும்போது மட்டும் இருமுகிறான் என்றார். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மனுஷன் தன் நெஞ்சோடு சாட்சியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் கண் முன்னால் நடந்திருக்கிறானே, அது அவனுக்கு மட்டும் தெரியவில்லையே என்று நினைத்து எனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தேன்.

அவர் மெதுவாக என் மடியிலிருந்த கைப்பையை எடுத்தார். தலைகீழாகத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

அடியில், நட்ட நடுவில், எட்டணா அளவு சிவப்பு அரக்கு. அதில் ஒரு வாத்து. இறகு ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது.

நான் வாயைத் திறந்தேன்.

"வூடு இன்னும் வரல," என்றார். "எனக்கு யானைக்கவுனிலயே தெரியும். அப்பவே சொல்லியிருந்தா நீ உன் பையையே பாத்துகினு இருந்திருப்பே. அந்த அட்டையை யாரு பாக்கறது?"

அதற்கு எனக்கு ஒரு நல்ல பதில் வந்தது. அப்படி ஒரு பதில் வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான் வரும். விழுங்கிக்கொண்டேன். பஸ் கல்மண்டபத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டில் நின்று, ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகப் போகும் வரை காத்திருந்து, பிறகுதான் நகர்ந்தது. நான்தான் முதலில் இறங்கினேன். வாசல் பூட்டைத் திறந்து, நிலைப்படியில் ஒரு காலை வைத்த கணமே சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அந்தப் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வார் இரண்டு தடவை மாற்றியாயிற்று. வாத்துக்கு ஒரு கால் உதிர்ந்துவிட்டது. அவர் போன பிறகு, கடைக்குப் போகும்போது யாராவது, அம்மா, உங்க பை அடியில ஏதோ ஒட்டியிருக்கு என்று சொல்வார்கள். தெரியும் என்பேன்.